புராணக் கதைகளும் உட்பொருளும்
(பொருநைக் கரை மரபுகளை முன்வைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடவுளுக்கு ஆறு முகம் இருக்குமா? மாமரம் பிளந்தால் மயில் வருமா? மலையில் திருமணம் நடந்தால் பூமி ஒரு பக்கம் சாயுமா? பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளைகள் கேட்பதற்குப் பெரியவர்களிடம் வழக்கமாக இரண்டே விடைகள் உண்டு. "அப்படிக் கேட்கலாகாது, நம்பு" என்பது ஒன்று. "எல்லாம் கட்டுக்கதை, தள்ளு" என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்பவர் ஆத்திகர், பின்னதைச் சொல்பவர் நாத்திகர் என்று உலகம் பிரித்து வைத்திருக்கிறது. ஆயினும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபட்டவர்களே. புராணக் கதை என்பது என்றோ ஓரிடத்தில் நடந்த நிகழ்ச்சியின் அறிக்கை என்றே இருவரும் கொள்கின்றனர். அறிக்கை மெய் என்கிறார் ஒருவர். பொய் என்கிறார் மற்றவர். அது அறிக்கைதானா என்று கேட்பவர் அரியர்.

அவ்வாறு கேட்டவர் தமிழில் மிகப் பழங்காலத்திலேயே இருந்திருக்கிறார் என்பது எண்ணத்தக்கது. திருமூலர் தமது திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில், சிவபெருமானின் எட்டு வீரச் செயல்களைப் பேசுமிடத்தில், முப்புரம் எரித்த கதையை எடுத்துக்கொள்கிறார். அங்கே மூன்று கோட்டைகள் என்பவை மும்மலங்களின் விளைவே என்று பொருள் விரிக்கிறார். அதோடு நில்லாமல், வெறுங்கதையாக மட்டும் அதைச் சொல்லித் திரிவோரை அறியாதவர் என்றும் கடிந்துரைக்கிறார். குறியீட்டுப் பொருள் காண்பது மேனாட்டுக் கல்வி வந்தபின், பகுத்தறிவாளரின் கேள்விக்கு அஞ்சிப் புனைந்துகொண்ட கேடயம் என்று சிலர் ஏளனமாகக் கூறுவதுண்டு. அந்த ஏளனத்துக்குத் திருமந்திரம் ஒன்றே போதிய விடையாகும். கேடயம் தேவைப்படாத காலத்திலேயே பொருள் தேடப்பட்டிருக்கிறது. அதுவும் பத்தர் ஒருவரால்.

முப்புரக் கதையின் நடையைச் சற்றே உற்று நோக்குக. பூமியே தேர்; ஞாயிறும் திங்களும் சக்கரங்கள்; நான்முகன் பாகன்; மேரு வில்; வாசுகி நாண்; திருமால் அம்பு. இத்தனை படைக்கலமும் திரட்டிய பின்னர் நடந்தது என்ன? அம்பு எய்யப்படுமுன்னரே இறைவன் சிரித்தான், கோட்டைகள் எரிந்தன. வெறும் போர்க்கதையாக மட்டும் இதைக் கொண்டால், அத்தனை ஆயத்தமும் வீண் ஆரவாரமாகத் தோன்றும். கதை கட்டியவர் அந்த ஆரவாரத்தை வேண்டுமென்றே எழுப்பிவிட்டுச் சிரிப்பில் அதை உடைக்கிறார். கருவிகள் யாவும் தம்மால் ஆயிற்று என்று தருக்கும் அக்கணத்தில் கருவிகள் தேவையற்றுப் போகின்றன. கதையின் நெளிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொருளும் இருக்கும். உட்பொருள் காண்பதற்கு வேறு சூத்திரம் தேட வேண்டியதில்லை.

இந்த வட்டாரம் நன்கறிந்த கதை சூரபதுமன் கதை. குறுக்குத்துறையில் ஆற்றின் நடுவே நின்று, வெள்ளம் வரும்போதெல்லாம் நீரில் மூழ்கி எழும் முருகன் கோயிலை இவ்வூரார் அறிவர். திருச்செந்தூர் மூலவரின் திருவுருவம் அந்த இடத்துப் பாறையில் வடிக்கப்பட்டது என்பது செவிவழி மரபு. ஆகவே சூரனை வென்ற கடவுள் திருச்செந்தூருக்குப் போவதற்கு முன்னர் பொருநையில் பிறந்தவர் என்று நெல்லைச் சீமையார் உரிமை கொண்டாடுவதுண்டு.

சங்க இலக்கியத்திலேயே சூரனின் மாமரத்தை முருகன் வெட்டிய செய்தி வருகிறது. திருமுருகாற்றுப்படையும் அதைக் குறிப்பிடுகிறது. அங்கே மாமரம் வீழ்கிறது; பகைவன் அழிகிறான்; அவ்வளவே. நூற்றாண்டுகள் பல கடந்து, காஞ்சிபுரம் குமரக்கோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் 10,345 பாடல்களில் கந்தபுராணம் பாடியபோது கதை வேறு வடிவம் கொள்கிறது. வேல் பிளந்த மாமரத்தின் ஒரு கூறு மயிலாகிறது; மறு கூறு சேவலாகிறது. மயில் முருகனுக்கு ஊர்தியாகவும், சேவல் கொடியாகவும் அமைகின்றன. பழங்கதையில் கொலையாக இருந்தது கந்தபுராணத்தில் ஆட்கொள்ளலாக மாறிவிட்டது. இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது?

விடை சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. சூரபதுமன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை என்று சித்தாந்த நெறியினர் பொருள் கொள்வர். பெயரை ஒட்டுவது எளிது. கதையின் உறுப்புகள் அதற்கு இசைகின்றனவா என்பதே கேள்வி. தாரகனின் துணை கிரவுஞ்சம் என்னும் மாய மலை. வழிப்போக்கரை உள்ளே இழுத்து மயக்குவது அதன் தொழில். மாயைக்கு அது பொருந்துகிறது. சிங்கமுகனின் தலைகளை வெட்ட வெட்ட அவை மீண்டும் முளைக்கின்றன; நுகர்ந்து கழிக்கும்போதே புதிதாகச் சேரும் வினைக்கு வேறு உவமை வேண்டியதில்லை. சூரனோ எல்லாரினும் கடைசியில் வீழ்பவன். போரின் நடுவே முருகனின் பெருவடிவைக் கண்டு, ஒரு கணம் மெய்ம்மறந்து போற்றுகிறான். மறுகணமே சினம் மீண்டு, வாளை எடுக்கிறான். உண்மையைக் கண்ணாரக் கண்ட பின்னும் "நான்" என்னும் முனைப்பு தலைதூக்குவதை இதனினும் நுட்பமாக எந்தத் தத்துவ நூலும் சொல்லிவிடவில்லை.

ஆனால் கதையின் உயிர் முடிவில்தான் இருக்கிறது. சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்றும் உள்ளது. அதற்குத் தொடக்கமும் இல்லை, அழிவும் இல்லை. வீடுபேற்று நிலையிலும் மலம் இல்லாமற் போவதில்லை. அதன் ஆற்றல் மட்டுமே அடங்குகிறது. அவ்வாறாயின் ஆணவமாகிய சூரனைக் கொன்றுவிட்டதாகக் கச்சியப்பர் பாடினால் சாத்திரம் பொய்யாகிவிடும். அவனை ஊர்தியாக்குகிறார். மேலே ஏறி ஊர்வதற்கு உரியதாகத் தாழ்ந்தது அது. ஆனால் இறந்து போகவில்லை. தாரகன் ஐயனாருக்கு யானையாகவும், சிங்கமுகன் கொற்றவைக்குச் சிங்கமாகவும் ஆயினர் என்று வழங்கும் கதையும் இந்தப் போக்கினதே.

சித்தாந்த நூல்கள் உயிரையும் ஆணவத்தையும் விளக்குமிடத்து இரண்டு உவமைகளைப் பெரிதும் ஆள்கின்றன. நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு என்பன அவை. நெல்வேலியும் தாமிர அம்பலமும் ஒருங்கே உள்ள ஊரில் இவ்விரண்டு உவமைகளையும் கேட்கும்போது, தலப்பெயருக்கும் தத்துவத்துக்கும் ஏதோ மறைபொருள் தொடர்பு உண்டு என்று சொல்லத் துடிக்கும் நாக்குகள் உண்டு. மேடையில் அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். எனினும் அது தற்செயலான ஒற்றுமை என்பதற்கு மேல் சொல்ல ஆதாரம் இல்லை. அழகாக இருப்பதெல்லாம் பொருளாகிவிடாது. உட்பொருள் தேடுபவர் முதலில் காக்க வேண்டியது தம் நாவை.

பகை அணியாகும் இந்தப் போக்கு முருகன் கதையோடு நிற்பதன்று. தாருகாவனத்து முனிவர் இறைவன்மேல் ஏவிய புலி, அவன் உடுக்கும் தோலாயிற்று. ஏவிய பாம்பு அணியாயிற்று. ஏவிய முயலகன் ஆடும் காலுக்குப் பீடமானான். பாற்கடலில் எழுந்த நஞ்சு கண்டத்தில் கறையாய் நின்று அழகு செய்கிறது. இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால், பகையை ஒழிப்பதைக் காட்டிலும் பகையை இடம் மாற்றி வைப்பதையே இக்கதைகள் பெரிதும் விரும்புகின்றன என்பது விளங்கும்.

அசுரர் என்போர் இன்ன நாட்டார், இன்ன இனத்தார் என்று வரலாறாக வாசிக்கும் முறையும் ஒன்றுண்டு. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவிய கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அவர் நெடுங்காலம் வாழ்ந்த இடையன்குடி இம்மாவட்டத்து ஊர். அதன் பின்னர், தேவர் அசுரர் போர் ஆரியர் திராவிடர் போரே என்னும் கருத்து வலுப்பெற்றது. சுயமரியாதை இயக்கத்தார் அக்கருத்தைக் கூர்மையாக்கினர். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தவர்கள் புராணத்தைத் துணைக்கு அழைத்துக் கொண்டிருந்த காலத்தில், அப்புராணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டிய தேவை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அசுரனை ஒரு மக்கள் கூட்டமாக ஆக்கும் வாசிப்பு இரு முனையும் கூரான வாள். அதை ஒடுக்கப்பட்டோர் எடுக்கலாம், ஒடுக்குவோரும் எடுக்கலாம். "அவர்களே இன்றைய அசுரர்" என்று எதிர்வீட்டாரைச் சுட்டிக்காட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. திருமூலரின் வாசிப்பில் அத்தகைய இடையூறு இல்லை. அங்கே சுட்டுவிரல் தன் நெஞ்சை நோக்கியே திரும்பியாக வேண்டும். பொருநையின் ஒருபுறம் நெல்லையப்பர் கோபுரமும் மறுபுறம் பள்ளிவாசல்களுமாக வாழும் மேலப்பாளையத்தில், இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி அகத்தியர். கயிலையில் திருமணம் காணத் தேவரும் முனிவரும் வடக்கே திரண்டனர். வடதிசை தாழ்ந்தது, தென்திசை உயர்ந்தது. நிலத்தைச் சமன் செய்யக் குறுமுனிவரை இறைவன் பொதிகைக்கு அனுப்பினான். அவர் கமண்டலத்து நீரே தாமிரபரணி ஆயிற்று என்பது கதை. ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையும், இரு பருவ மழையையும் பெற்று வற்றாது ஓடும் ஆறும் கண்ணெதிரே இருக்க, இக்கதையை நெல்லையார் நம்புவதற்கு வேறு சான்று கேட்பதில்லை.

ஆராய்ச்சியாளர் சிலர் வடநாட்டார் தென்னாடு புகுந்த வரலாற்றை இதில் காண்பர். தமிழும் வடமொழியும் நிகர் என்பதற்கான அடையாளமாகத் தமிழ்ப் புலவர் இதைக் கொள்வர். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர் (மறைவு 1785), தாம் பாடிய காஞ்சிப் புராணத்தில், வடமொழியைப் பாணினிக்கும் தமிழை அகத்தியருக்கும் இறைவனே வகுத்தளித்ததாகப் பாடியிருக்கிறார். இப்பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தம் அளவில் சரியே. ஆனால் கதையின் ஓர் உறுப்பை இவை தொடுவதில்லை. அகத்தியருக்குத் திருமணம் காணும் பேறு இல்லாமற் போனது. எல்லாரும் காணும் காட்சியை அவர் ஒருவர் மட்டும் இழந்தார். அதனால்தான் பொதிகை அடிவாரத்தில், பாபநாசத்துக் கலியாண தீர்த்தத்தில், இறைவன் அந்தத் திருமணக் கோலத்தை அகத்தியருக்கும் உலோபாமுத்திரைக்கும் தேடி வந்து காட்டினான் என்று தலபுராணம் தொடர்கிறது. கூடியிருந்த கூட்டம் முழுவதன் எடைக்கு, உருவில் குறுகிய ஒருவர் ஈடானார். ஏவிய பணிக்காகத் திருவிழாவை விட்டு வெளியேறியவரின் எடை அது. மணவீட்டில் பந்தலில் அமர்ந்திருப்பவரை விட அடுப்படியில் நிற்பவரை அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதை விளங்கும்.

குறியீடு ஒரு சமயத்தாரின் வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதற்கும் அகத்தியரே சான்று. தொண்டிக்கு அருகில் பிறந்து சென்னையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இசுலாமிய ஞானி. அவருடைய பாடல் திரட்டில் அகத்தீசன்மீது ஒரு சதகம் இருக்கிறது. மனோன்மணிக் கண்ணியும் இருக்கிறது. சைவரும் சித்தரும் சக்திக்கு வழங்கிய பெயரால் தம் நெஞ்சத்து ஏக்கத்தை அவர் பாடினார். அதனால் அவர் தொழுகை விட்டவரானதில்லை. சைவர் தம் சொல்லை இழந்ததுமில்லை. அவருக்கு முன்னரே எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும்போது அதற்குச் சீறாப்புராணம் என்றே பெயரிட்டார்; நாட்டுப் படலத்தில் அரபு நாட்டிலும் தமிழ் மருதத்தின் வயல்களை வளர்த்தார். புராணம் என்னும் சொல்லைத் தமிழர் எவ்வளவு விரிந்த மனத்தோடு ஆண்டனர் என்பது இதனால் விளங்கும்.

நெல்லுக்கு வேலியிட்ட கதைக்கு நீண்ட உரை வேண்டாம். வேதசருமா இறைவன் திருவமுதுக்காக இரந்து பெற்ற நெல்லைக் காயப்போட்டார், பெருமழை வந்தது, சுற்றிலும் வெள்ளம் ஓட, நெல் மட்டும் நனையாதிருந்தது. பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஊசலாடும் ஆற்றுப் படுகை மக்களின் அச்சமும் ஆசையும் அதில் அப்படியே இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் பட்ட பாட்டை நினைப்பவருக்கு அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது. சில கதைகள் ஆழமானவை. சில கதைகள் வெளிப்படையானவை. எல்லாவற்றிலும் ஆழம் தோண்டுவது உழவனைத் தொல்பொருள் ஆய்வாளனாக்கும் வேலை.

ஆனந்தத் தாண்டவத்தின் பொருளைப் பலர் ஆனந்த குமாரசாமியின் கட்டுரை வாயிலாகவே அறிந்திருக்கின்றனர். கொழும்பில் 1877-இல் பிறந்த அவர் அக்கட்டுரையை 1912-இல் சித்தாந்த தீபிகை இதழில் எழுதினார்; 1918-இல் அது நூலுக்கே பெயராயிற்று. அதற்கு அவர் சான்றாக எடுத்த தமிழ் நூல்களுள் முதன்மையானது திருவதிகை மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம். துடி படைப்பு, அமைத்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய கால் மறைப்பு, தூக்கிய திருவடி அருள் என்பது அதன் கருத்து. ஐந்து அம்பலங்களுள் தாமிர அம்பலம் திருநெல்வேலியிலும், சித்திர அம்பலம் 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துள்ள குற்றாலத்திலும் இருக்க, இவ்விளக்கம் மேனாட்டு நூல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டியிருந்தது வருந்தத்தக்கதே. 2004-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டதும், அணுவின் நடனத்தைச் சிதம்பரத்தார் முன்பே அறிந்திருந்தனர் என்ற பேச்சு பெருகிவிட்டது. பத்து அவதாரம் பரிணாமக் கொள்கை என்றும், புட்பக விமானம் ஆகாய விமானம் என்றும், யானைமுகம் பிளாஸ்டிக் சர்ஜரி என்றும் சொல்வது இதன் உடன்பிறப்பு. இப்படிப் பேசுபவர்கள் புராணத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அறிவியலின் சான்றிதழ் கிடைத்தால்தான் புராணத்துக்கு மதிப்பு என்று அவர்கள் ஒப்புக்கொண்டவர்களாகிறார்கள். திருமூலர் அத்தகைய சான்றிதழ் எவரிடமும் கேட்கவில்லை.

இதுகாறும் சொன்னவை குறியீட்டு வாசிப்பின் பெருமை. அதன் தீமையும் பேசப்பட வேண்டும். அகலிகை கதையை எடுத்துக்கொள்க. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டினரான குமாரில பட்டர் இந்திரன் மீதுள்ள பழியைத் துடைக்க முனைந்தார். அகலிகை என்பது பகலில் மறையும் இரவு, இந்திரன் என்பது ஞாயிறு, கதிரவன் வர இரவு அழிவதையே கதை சொல்கிறது என்று சொல்லிலக்கணம் காட்டினார். உழப்படாத நிலமே அகலிகை என்று பின்வந்தோர் வேறுரை கண்டனர். இரண்டுமே கூர்த்த மதியின் வேலைதான். ஆனால் இரண்டிலும் வஞ்சிக்கப்பட்ட ஒரு பெண் காணாமற் போய்விடுகிறாள். கதையில் பிறருக்கு இழைக்கப்பட்ட தீங்கை வானியலாகவும் உழவியலாகவும் ஆவியாக்கி விடும் உரை, உட்பொருள் காணும் உரையாகாது. அது வழக்கை இழுத்து மூடும் உரை. சூரன் கதையில் உட்பொருள் காண்பவர் தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். இங்கே உரைகாரர் குற்றவாளியைக் கூண்டிலிருந்து இறக்கி விடுகிறார்.

திருநெல்வேலித் தமிழை உரைநடையில் ஏற்றிய புதுமைப்பித்தன் இதைப் பொறுக்கவில்லை. 'அகல்யை' என்ற பெயரில் முன்னரே ஒரு கதை எழுதியவர், 1943-இல் 'சாபவிமோசனம்' எழுதினார். வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை, கம்பனில் கல்லாகிறாள், இராமன் அடிப்பொடியால் மீள்கிறாள். புதுமைப்பித்தனோ மீண்ட பின்னர் அவளும் கௌதமரும் எப்படி வாழ்ந்திருப்பர் என்று கேட்கிறார். ஊரார் பார்வையில் கூசிக் கூசி வாழ்ந்தவள், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் தன்னை மீட்ட அதே இராமன் என்று அறிந்ததும் மீண்டும் கல்லாகிறாள். இதுவும் புராணத்துக்குப் பொருள் காண்பதுதான். கல் என்னும் குறியீட்டை அவர் மாற்றவில்லை. சாபமாக வந்த கல்லைத் தீர்ப்பாகத் திருப்பி வைத்தார். அக்கதையைப் படித்து முகம் சுளித்த பற்றாளர் உண்டு. ஆயினும் கதையை அறிக்கையாகக் கருதித் தள்ளியவர் அல்லர் அவர். கதைக்குள்ளேயே நின்று வழக்காடியவர்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராண படனம் என்னும் மரபு இருக்கிறது. ஒருவர் கந்தபுராணப் பாடலைப் படிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார், சுற்றியிருப்போர் கேட்பர். அந்த வாழ்வு முறைக்குக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டார். அம்முறையின் நன்மை, பயன் சொல்பவர் பாடலை விட்டு ஓடிவிட முடியாது என்பதுதான். படிப்பவர் அருகிலேயே அமர்ந்து அடுத்த பாடலைத் தொடங்கிவிடுவார். தறி ஓடிய தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: பாவு இழுத்துக் கட்டாமல் ஊடை ஓடாது. கதை பாவு; பொருள் ஊடை.

ஐப்பசியில் கந்த சட்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் இந்தக் கதை மணல்மீது நடத்திக் காட்டப்படுகிறது. சூரன் யானைமுகத்தோடு வருவான். பின்னர் சிங்கமுகத்தோடு வருவான். பின்னர் தன் முகத்தோடு வருவான். கடைசியில் மாமரமாய் வருவான். உடல் ஒன்றே, தலைகள் மட்டும் மாறும். வேல் பட்டதும் அலையோசையை மீறி அரோகரா முழக்கம் எழும். கூட்டம் கலையத் தொடங்கும்போது கோயிலில் இன்னொரு சடங்கு உண்டு, சாயாபிஷேகம் என்பர். போர் முடித்து வந்த செயந்திநாதர் முன்னே ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். அதில் தெரியும் அவருடைய நிழலுக்கு நீராட்டு நடக்கும்.